சாம்பார் சிந்தாத வண்டி

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், அட்டை பிய்ந்த புத்தகங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த போன் அடித்தது. எடுத்தால் எங்கள் ஊர் மரக்காணத்து மெக்கானிக் அய்யனார். ஒரு ரூபாய் போட்டுப் பேசும் பெட்டியிலிருந்து பேசினார்.

"சவரி, அய்யனார் பேசுறேன்பா. அக்கா தவறிட்டாங்க."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் அவரே தொடர்ந்தார்.

"வண்டியால இல்லப்பா. வண்டி வாசல்லதான் நிக்குது. காலையில உங்க மாமா எழுப்பியிருக்காரு, எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாங்க. வண்டிக்கும் இதுக்கும் ஒண்ணும்…"

ஒரு நிமிடம் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

சாவுச் செய்தியில் வண்டிக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று வேறு யாரும் குழம்பியிருப்பார்கள். எனக்குப் புரிந்தது. இந்த வருடம் முழுக்க அந்த வண்டியின் பின்பக்கத்தை அய்யனார் கழற்றியும் மாட்டியும் வந்திருந்தார். அந்தப் பின்பக்கம் அக்காவைக் கீழே தள்ளவில்லை என்பதை, அவள் போய்விட்டாள் என்ற செய்தியோடு சேர்த்தே சொல்லிவிட நினைத்திருக்கிறார்.

அது போன மாதம், 2006 நவம்பர். அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. வருகிற ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்று மாமா கேட்டிருக்கிறார். இரண்டு வார்த்தைக்குள் அவள் அடங்க மாட்டாள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அவள் பெயர் லூர்துமேரி. உப்பளத்துப் பக்கம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் யோசிப்பார்கள். சாம்பார் மேரி என்றால் உடனே கை காட்டுவார்கள். ஆள் குள்ளம். குரல் மட்டும் இரண்டு ஆள் அளவு. பதினாறு வயதில் உப்பு வாரப் போனவள், இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பாத்தியில் நின்றாள். நான் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் அதில் அடக்கம். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. என்னைப் பேச விட்டதும் இல்லை.

2004 கோடையில் கால் மக்கர் செய்தது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்து, வெடிப்பு புண்ணாகி, சர்க்கரையும் இருந்ததால் புண் ஆறவே இல்லை. டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இந்தக் காலை உப்புத் தண்ணியில வெச்சீங்கன்னா, கட்டுப் போடறதப் பத்திப் பேச மாட்டேன். எடுக்கறதப் பத்திதான் பேசுவேன்."

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள்: "ஒடம்புல காலு ஒண்ணுதான்டா ரிட்டையர்டு. மிச்சமெல்லாம் சர்வீஸ்ல இருக்குது."

வீட்டில் அப்போது ஏற்கெனவே ஒருவர் ஓய்வில் இருந்தார். அவள் கணவர் மரியதாஸ் மாமா, மாணவர் விடுதி ஒன்றில் பதினெட்டு வருடம் சமையல்காரராக இருந்தவர். விடுதியை மூடிவிட்டார்கள். மாமாவுக்கு நூற்றிருபது பேருக்குச் சமைக்கத் தெரியும், இரண்டு பேருக்குத் தெரியாது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சாம்பார் மூன்று நாளைக்கு வந்தது. மூன்றாம் நாள் அதையே கொதிக்க வைத்து அவர் இறக்கும்போது அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. மாமா சமைக்கட்டும், அவள் உப்பளத்துக்குக் கொண்டுபோய் விற்கலாம்.

உப்பளத்தில் விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். எட்டு மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை. ரோட்டுக்குப் பக்கத்து அளங்களில் இருப்பவர்கள் கடைக்குப் போய்வந்துவிடுவார்கள். நாலு கிலோமீட்டர் உள்ளே, கால்வாயைத் தாண்டி இருக்கும் கடைசி அளத்துக்காரர்களால் அது முடியாது. நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், முந்தின நாள் சோற்றைத் தூக்கில் கொண்டுவந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சுடச்சுட இட்லியும் சாம்பாரும் என்று அக்கா சொன்னபோது அங்கே மேஸ்திரியாக இருந்த தனக்கோடி, தினமும் நாற்பது பேருக்கும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அப்படித்தான் 2005 பருவத்தில் அந்தப் பழைய டி.வி.எஸ். ஃபிப்டி வீட்டுக்கு வந்தது. அக்கா ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கோயில் மைதானத்தில், நாலு முறை விழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாலாவது முறை விழுந்தது பங்குச் சாமியாரின் துளசிச் செடிமேல். அவர் ஒன்றும் சொல்லவில்லை, செடியை மட்டும் வேறு இடத்தில் நட்டார்.

வண்டி ஓட்ட வந்துவிட்டது. பிரச்சினை கடைசி அளத்துக்கு வழியான கரையில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு கால்வாய்க் கரையை அவசர அவசரமாக உயர்த்தியிருந்தார்கள். இடிந்த வீடுகளின் செங்கல், கான்கிரீட் துண்டு, மேலே கொஞ்சம் களிமண். மழையில் களிமண் கரைந்து செங்கல் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கரையின் மேடு பள்ளங்களுக்கு அக்கா சொந்தக்காரர்களின் பெயரை வைத்திருந்தாள். ஆளைத் தூக்கி எறிவது நாத்தனார் மேடு. வெளியே தெரியாமல் தண்ணீர் நின்று உள்ளே ஆழமாக இருப்பது பெரியப்பா பள்ளம். பார்க்க ஒன்றும் இல்லாதது போல் இருந்து, தாண்டி இரண்டு அடி போன பிறகு முதுகில் குத்துவதற்கு என் பெயர்.

"சவரி மேட்டுல இன்னிக்கும் இடுப்புல புடிச்சிக்கிச்சு" என்று என்னிடமே சொல்லுவாள்.

இந்தச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து சாம்பாரைக் குடித்தார்கள். மாமா விடுதியிலிருந்து எடுத்துவந்த பெரிய அலுமினியக் குண்டானில் வீட்டிலிருந்து நிறையக் கிளம்பும். மேலே தட்டு வைத்துத் துணியால் கட்டியிருக்கும். கடைசி அளம் போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அது அக்காவின் முதுகிலும் வண்டியிலும் கரையிலும் இருக்கும். மூடி இறுக்கமான பால் கேனில் ஊற்றிப் பார்த்தார்கள். மூடியின் ரப்பர் வாசனை சாம்பாரில் ஏறி, கடைசி அளத்துப் பெண்கள் ஒரு வாய் வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார்கள். மாமா அந்தக் கேனை அன்றே கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டார்.

அங்கே சின்னப்பாப்பா என்று ஒருத்தி. அக்காவோடு ஒரே பாத்தியில் இருபது வருடம் உப்பு வாரியவள். அவள் ஒவ்வொரு நாளும் குண்டானைத் திறந்து பார்த்து ஏதாவது சொல்லுவாள்.

"ஏண்டி மேரி, கரையில கத்திரிக்கா மொளைச்சிருக்குதாமே. உன் ஊட்டுக்காரரு போட்ட தாளிப்போட மொளைச்சிருக்குதாம்."

"மொளைச்சா பறிச்சித் துன்னுடி. உனக்குத் தனியா வேற எடுத்துக்கினு வரணுமா."

சிரிப்பெல்லாம் பெண்களிடம்தான். தனக்கோடி மேஸ்திரி சிரிக்கிற ஆள் இல்லை. 2006 பிப்ரவரியில் புதுப் பருவம் தொடங்கிய இரண்டாவது வாரமே சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா மேரி. நாப்பது பேருக்குன்னு சொல்லிட்டு இருபத்தஞ்சு பேருக்கு ஊத்துற. கடைசியில நிக்கிறவங்க வெறும் இட்லியத் தண்ணியில நனைச்சித் துன்றாங்க. ரோட்டுமேல டீக்கடை வெச்சிருக்கிற ஐயப்பன் மூணு சக்கர வண்டியில கொண்டாறேன்றான். நீயே யோசிச்சிக்க."

யோசிக்க ஒன்றும் இல்லை. கடைசி அளம் போனால் மற்ற இடங்களில் பத்துப் பதினைந்து இட்லிதான் ஓடும். அதற்கு வண்டி தேவையில்லை, மாமாவும் தேவையில்லை. அக்கா மறுபடி பாத்தியில் இறங்க வேண்டியதுதான். அந்தக் காலோடு.

அன்று சாயங்காலம் வண்டியை அய்யனாரிடம் தள்ளிக்கொண்டு போனாள். நானும் அங்கே இருந்தேன். அய்யனார் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் இரண்டு பக்கமும் தாங்குகிற ஸ்பிரிங்குகளை விரலால் அழுத்தினார். துரு உதிர்ந்தது.

"யக்கா, இது ஸ்பிரிங் இல்ல. சேமியா."

"சேமியான்னா எங்க ஊட்டுக்காரரு பாயசம் வெப்பாரு. நீ இன்னா செய்வ, அதச் சொல்லு."

அய்யனார் பேசிக்கொண்டே தன் கடைக்கு வெளியே கிடந்த இரும்புக் குவியலைப் பார்த்தார். அவருக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது வேண்டும். பழைய ஸ்பிரிங் ஒன்றை எடுத்துத் தரையில் அழுத்திவிட்டார். அது எகிறிப் போய் நாயின் பக்கத்தில் விழுந்தது.

"வெறும் ஸ்பிரிங்குன்னா அமுக்குனா எகிறும். பள்ளத்துல உழுந்தா உன் சாம்பாரை மேல தூக்கும். உள்ள ஆயில் இருக்கிற ஷாக் அப்சர்வர் வேற. ஸ்பிரிங்கு எகிறப் பாக்கும், ஆயிலு புடிச்சி மெதுவா ஒக்கார வெக்கும். பெரிய வண்டியோடது ஒரு ஜோடி பாண்டியில காயலான் கடையில பாத்துட்டு வரேன்."

இரண்டு நாளில் கொண்டுவந்தார். கருப்பாக, கனமாக, அடியில் படிப்படியாக மூன்று காடி வெட்டிய வளையத்தோடு. அந்த வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் இறுகும், தளரும். பழையதைவிட ஒன்றரை அங்குலம் நீளம். அப்படியே மாட்ட முடியாது என்பதால், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையில் இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்து, அதில் போல்ட் போட்டார். செயின் இறுகிப் போனது, அதைத் தளர்த்தினார். பின்பக்கம் உயர்ந்ததால் ஸ்டாண்டு தரையைத் தொடவில்லை. ஸ்டாண்டின் இரண்டு காலுக்கும் கீழே இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்தார். "ஸ்டாண்டுக்குச் செருப்பு" என்றாள் அக்கா. தன் காலைக் காட்டி, "எனக்கு முந்தி அதுக்குப் போட்டுட்ட" என்றாள்.

முதல் ஓட்டத்துக்கு மாமாவைப் பின்னால் உட்கார வைத்தார்கள். மாமாவின் எடை நாற்பத்தைந்து கிலோ. வளையம் இறுக்கமான மூன்றாவது காடியில் இருந்தது. நாத்தனார் மேட்டில் வண்டி தாண்டியது, மாமா தாண்டவில்லை. அவர் சீட்டைவிட்டு எழும்பி, அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்தபோது சீட் அங்கே இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவர் சொன்னது இது:

"மேரி, நான் சாம்பாரா இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும்."

வளையத்தை முதல் காடிக்கு இறக்கினார் அய்யனார். அடுத்த ஓட்டத்துக்குக் குண்டானில் தண்ணீர் ஊற்றினார்கள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வேறு, பருப்பு வேறு, தண்ணீர் அலைகிற மாதிரி பருப்பு அலையாது என்றார். பதினெட்டு வருட அனுபவம் என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாப்பிட ஆளில்லாத ஒரு குண்டான் சாம்பாரை உண்மையாகவே வைத்துக் கொடுத்தார். குண்டானின் உள்பக்கம், நிரம்பும் இடத்தில், ஆணியால் ஒரு கோடு கீறினார். அக்கா அதைக் கட்டிக்கொண்டு கடைசி அளம் வரை போய்த் திரும்பினாள். நாங்கள் மூன்று பேரும் ரோட்டில் காத்திருந்தோம். துணியை அவிழ்த்துத் தட்டைத் தூக்கினார் மாமா. கோட்டுக்குக் கீழே ஒரு விரல்.

மாமா அந்தக் குண்டானைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அப்புறம் அந்தச் சாம்பாரைத் தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் ஊற்றினார்.

அடுத்த மூன்று வாரம் கடைசி அளத்தில் நாற்பதாவது ஆளுக்கும் சாம்பார் கிடைத்தது. தனக்கோடி மேஸ்திரியின் இடுப்பில் எப்போதும் ஒரு குச்சி செருகியிருக்கும், பாத்தியில் தண்ணீர் எத்தனை விரல் நிற்கிறது என்று பார்க்க. ஒருநாள் அதைக் கழுவிவிட்டுக் குண்டானுக்குள் விட்டுப் பார்த்தார். எடுத்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார். சின்னப்பாப்பா விடவில்லை.

"குச்சி போதாது மேஸ்திரி. தண்ணியில உப்பு எத்தினி டிகிரின்னு பாக்க ஒரு கண்ணாடிக் குழாய் வெச்சிருக்கியே, அதையும் உடு. உப்பு கம்மியா இருக்கிற மாதிரி இருக்குது."

"உப்பளத்துல குந்திக்கினு உப்புப் பத்தலன்னு சொல்றியேடி" என்றாள் அக்கா. "குனிஞ்சி ஒரு கை அள்ளிப் போட்டுக்க."

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புச் செய்தோம்.

உப்பளத்துப் பக்கம் இரும்பு வாழாது. சைக்கிளானாலும் மோட்டார் பம்பானாலும் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு தின்றுவிடும். அதனால் எங்கள் ஊரில் வண்டி வைத்திருக்கிற யாரும், வண்டிகளிலிருந்து வடித்த கழிவு ஆயிலை வாங்கிவந்து, வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் பூசுவார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரி அதை யாரும் மறக்க மாட்டார்கள். வெளியூர்க்காரன் எங்கள் வண்டியில் ஏறினால் வேட்டி கறுப்பாகும், அதை வைத்தே அவன் வெளியூர்க்காரன் என்று தெரியும்.

அக்காவுக்குப் புது ஷாக் அப்சார்பர்கள்மேல் அவ்வளவு பிரியம். சனிக்கிழமை தோறும் பழைய புடவைத் துணியை ஆயிலில் முக்கி, இரண்டையும் குளிப்பாட்டுகிற மாதிரி பூசினாள். மாமாவும் பிரியம் வைத்திருந்தார். அவர் புதன்கிழமை பூசினார். இவள் பூசுவது அவருக்குத் தெரியாது, அவர் பூசுவது இவளுக்குத் தெரியாது. நான் ஊருக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி ஓரமாக நிற்கிறதே, கொஞ்சம் உதவியாக இருக்கட்டும் என்று நானும் பூசினேன்.

நாலாவது வாரம் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. அக்கா முதலில் டயரில் காற்று இல்லை என்று நினைத்தாள். ஐந்தாவது வாரத்தில் கரைமேல் போகும்போது பின்சக்கரம் வாத்து மாதிரி நடந்தது. அந்த வெள்ளிக்கிழமை கடைசி அளத்துக்குள் நுழைந்து பிரேக் பிடித்தாள். முன்பக்கம் நின்றது. பின்பக்கம் இடதுபுறமாக ஒதுங்கிக்கொண்டு வந்தது. குண்டான் கயிற்றோடு சரிந்து, எதிரே நின்ற தனக்கோடி மேஸ்திரியின் இடுப்பிலிருந்து பாதம் வரை சாம்பார்.

நல்ல வேளை, நாலு கிலோமீட்டரில் அது ஆறியிருந்தது. பாத்தியில் நின்ற நாற்பது பேரும் உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சின்னப்பாப்பாகூட.

மேஸ்திரி கால்வாயில் இறங்கி வேட்டியை அலசிக்கொண்டு வந்தார். பிழிந்துகொண்டே சொன்னார்:

"திங்கக்கிழமை ஒரு நாளு பாப்பேன். அன்னிக்குக் கோட்டுல இருந்து ரெண்டு வெரலுக்கு மேல எறங்குச்சின்னா, செவ்வாக்கிழமையில இருந்து ஐயப்பன். நீ பலகைய எடுத்துக்கினு வா, பாத்தி தரேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பாத்தி தருகிறேன் என்றதைக்கூட உதவியாகத்தான் சொன்னார்.

அய்யனார் வண்டியைக் கழற்றிப் பார்க்கும்போது வெள்ளிக்கிழமை மதியம். அக்கா போன் செய்து நானும் வந்திருந்தேன். ஷாக் அப்சார்பரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் வளையமாக ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் உருளை. அதன் நடுத்துளையில்தான் போல்ட் போகும். அதற்குப் பெயர் புஷ். இரண்டு ஷாக் அப்சார்பருக்கும் சேர்த்து நாலு புஷ். அய்யனார் முதல் போல்டை உருவியதும், ரப்பர் வேகவைத்த மீனின் தோல் மாதிரி கையோடு வந்தது. உப்பி, கொழகொழவென்று, கறுப்பாக.

"யாரு ஆயில் பூசினது?" என்றார்.

"நான்தான்" என்றாள் அக்கா.

"நான்" என்றார் மாமா அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு தடவை நானும்" என்றேன்.

அய்யனார் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"மாட்டினப்பவே ஒரு கை ஆயில் நானும் பூசித்தான் அனுப்பினேன்" என்றார். "நம்ப ஊருல பூசாம எப்பிடி அனுப்பறது. ஆயிலு ரப்பரைத் துன்னுடும்னு எனக்குத் தெரியும். ஆனா கை தானா பூசிடுச்சு."

பழைய ஸ்பிரிங்கில் மட்டும் ஏன் இது நடக்கவில்லை என்று கேட்டேன். அதில் இருந்த ரப்பர் எந்தக் காலத்திலோ தேய்ந்து போய், இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது, இரும்புக்கு ஆயில் நல்லதுதான் என்றார். அதே அளவில் புது ரப்பர் புஷ் நாலு வாங்கி மாட்டலாம். ஆயில் பூசாமல் இருந்தால் உப்பு இரும்பைத் தின்னும். பூசினால் ஆயில் ரப்பரைத் தின்னும்.

"அப்ப ரெண்டும் துன்னாதது எது?" என்றாள் அக்கா.

அய்யனார் யோசித்தார். பக்கத்தில் கிடந்த மோட்டார் பம்பின் வெள்ளைத் துண்டு ஒன்றைக் காலால் தட்டினார்.

"நைலான்."

திண்டிவனத்தில் என் நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மாதிரிக்கு ஒரு பழைய புஷ்ஷைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை போனேன். பட்டறைக்காரர் கையில் நைலான் கம்பி ஒரு துண்டுதான் இருந்தது. அளந்து பார்த்து நாலு வரும் என்றார். மூன்று நன்றாக வந்தது. நாலாவதில் துளை போடும்போது நான் ஏதோ கேட்டேன், அவர் திரும்பினார், துளை ஓரமாகப் போய்ச் சுவர் மெலிந்துவிட்டது. அடுத்த கம்பி சென்னையிலிருந்து வர வேண்டும்.

மூன்றோடு ஊர் திரும்பியபோது எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம். அவள் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"நாலுல மூணு வந்துச்சா. நம்ப குடும்பத்துக்கு அதிகம்டா இது."

வலது பக்க மேல் கண்ணில் ஆட்டம் குறைவு என்பதால் அங்கே ரப்பரையே விடலாம் என்றார் அய்யனார். ஊறாத ஒரு பழைய ரப்பர் புஷ்ஷைத் தேடி அதில் மாட்டினார். மற்ற மூன்றிலும் நைலான். அந்த ஒரு முனையில் மட்டும் ஆயில் படக்கூடாது என்று, மாமா ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். ரப்பர் பேண்டும் ரப்பர்தான் என்று அக்கா சொன்னதும் அதை எடுத்துவிட்டு நூலால் கட்டினார்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். மூன்று சக்கர வண்டி ஓட்டும் ஐயப்பனும் வந்திருந்தார், தோற்றால் அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று. நான் அவர் வண்டியிலேயே அக்காவுக்குப் பின்னால் போனேன். கரையேறியதும் அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை. நாத்தனார் மேட்டில் பின்சக்கரம் ஏறி, அழுந்தி, மெதுவாக உட்கார்ந்தது. வண்டியின் மேல்பாதி ஒன்றுமே நடக்காதது போல் போனது. பெரியப்பா பள்ளத்திலும் அப்படியே. எங்கள் வண்டி அதே பள்ளத்தில் இறங்கியபோது என் தலை கூரையில் இடித்தது. ஐயப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல இட்லி கொண்டாந்தா உப்புமாவாத்தான் எறக்கணும்" என்றார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

என் பெயர் வைத்த மேட்டை நான் அன்றுதான் பார்த்தேன். உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. அக்கா அதைத் தாண்டி இரண்டு அடி போனதும் கையைத் தூக்கிக் காட்டினாள். குத்தவில்லை என்று அர்த்தம்.

கடைசி அளத்தில் தனக்கோடி மேஸ்திரி குச்சியைக் கழுவி வைத்துக்கொண்டு நின்றார். மூன்று முழம் தள்ளித்தான் நின்றார். அக்கா பிரேக் பிடித்தாள். முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்றது. மேஸ்திரி தட்டைத் தூக்கினார். குச்சியை விட்டார், கோட்டிலிருந்து அளந்தார். ஒரு விரலுக்குக் கொஞ்சம் குறைவு.

"சரி" என்றார். அவ்வளவுதான். குச்சியில் ஒட்டியிருந்த சாம்பாரை நக்கினார்.

"உப்பு சரியா இருக்குதா மேஸ்திரி?" என்று பாத்தியிலிருந்து சின்னப்பாப்பா கத்தினாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு செப்டம்பர் கடைசியில் பருவம் முடியும் வரை ஒருநாள்கூட இரண்டு விரலுக்குக் கீழே இறங்கவில்லை. அக்காவின் குதிகால் ஆறித் தோல் மூடியது. அதைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காலை நீட்டிக் காட்டுவாள். காட்டுகிற காலைவிட வண்டியைத்தான் அதிகம் காட்டினாள். வேறு இரண்டு அளத்துக்காரர்கள் தங்கள் வண்டிக்கும் நைலான் புஷ் வேண்டும் என்று அய்யனாரிடம் வந்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் நாலு புஷ்ஷுக்குக் கம்பி வாங்கச் சொல்லும்போது, "அஞ்சுக்கு வாங்கிக்க. ஒண்ணு சவரி பக்கத்துல நின்னு பேசினா போயிடும்" என்று சொன்னாராம்.

அக்டோபரில் நாலாவது புஷ் வந்தது. நூலகச் சீட்டு ஒன்றில் சுற்றி அதை அவளிடம் கொடுத்தேன். வெளியே மழை. அதை வாங்கி வண்டி இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டாள்.

"மழ உடட்டும்டா. அளம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி அய்யனாரை உட்டு மாட்டிக்கறேன். அதுவரைக்கும் இந்த ரப்பரு இன்னா, ஓடியா போவப் போவுது."

அடக்கத்துக்குக் கடைசி அளத்திலிருந்து நாற்பது பேரும் வந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது தனக்கோடி மேஸ்திரி மாமாவின் பக்கத்தில் நடந்துவந்து, பிப்ரவரியில் வேலை ஆரம்பிக்கிறது, நாற்பது பேருக்குச் சாம்பார் வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாமா தலையாட்டினார். யார் ஓட்டுவது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் சின்னப்பாப்பா அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாள். அய்யனார் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். மாமா துளசிச் செடிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். மூன்று முறை விழுந்திருக்கிறாள்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. வலது பக்க ஷாக் அப்சார்பரின் மேல் கண்ணில் மட்டும் இன்னும் அந்தப் பழைய ரப்பரே இருக்கிறது. நாலாவது புஷ், நூலகச் சீட்டில் சுற்றியபடியே, பெட்டிக்குள் கிடக்கிறது.